அடைப்புக்குறிக்குள் நானூற்றைம்பது குதிரைகள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் பிறக்கிற மனிதனுக்கு மூன்று பெயர்கள் உண்டு. பெற்றவர்கள் ஆசையாக வைப்பது ஒன்று. பள்ளிக்கூடத்தில் எழுத்துப்பிழையோடு பதிவாகி, ஆதார் அட்டை வரைக்கும் அந்தப் பிழையோடேயே வாழ்வது இன்னொன்று. மூன்றாவதை ஜங்ஷனில் வைப்பார்கள். அதற்கு வட்டப்பேர் என்று பெயர். முதல் இரண்டையும் மனுப்போட்டு மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதை மாற்றித் தர இந்தியாவில் ஒரு அலுவலகமும் கிடையாது. ஆள் செத்தாலும் அது சாகாது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில், பெயருக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது இல்லாமல் ஃபிளெக்ஸ் அடித்தால் செத்தது யாரென்று தெரியாமல் அடக்கத்துக்கே ஆள் வராது என்பது ஊர்ப் பெரியவர்களின் கருத்து. கருத்தில் நியாயம் இருக்கிறது.

அருமனைக்குப் பக்கத்தில் உள்ள இலுப்பவிளையில் சுயம்புராஜ் என்ற பெயரில் மட்டும் ஏழெட்டுப் பேர். ஒட்டுப்பால் சுயம்பு, பஞ்சாயத்து சுயம்பு, ஒருமுறை பிணமென்று கிடத்தியபோது எழுந்து காப்பி கேட்ட செத்த சுயம்பு. இந்த வரலாற்றின் நாயகர் தள்ளு சுயம்பு.

பெயர் வந்த விதம் எளிமையானது, ரத்தமும் கலந்தது. இளவயதில் நாயகர் அருமனைக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவே ஆளேற்றும் டிரக்கர் ஜீப் ஒன்றை ஓட்டினார். அந்த வண்டிக்கு ஸ்டார்ட்டர் இருந்தது, வீட்டில் சாமி படம் இருப்பதுபோல. மற்றபடி பயணிகள் இறங்கித் தள்ளினால்தான் எஞ்சின் உயிர்பெறும். டிக்கெட்டோடு சேர்ந்தது என்று நினைத்து ஜனங்களும் தள்ளிவந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்த டிரக்கரைக் கல்யாணத்துக்கு அமர்த்தினார்கள். மணமகன் ரப்பர் ஷீட் வியாபாரி கிருஷ்ணமணி. பாதிவழியில் வண்டி நின்றது.

"லேய் டிரைவரே, இது வண்டியா, கட்டிலா?" என்று கேட்டார் மணமகன்.

"கட்டிலுன்னா எறங்காம கெடக்கலாமே மாப்பிள. இது வண்டியாக்கும், எறங்கித் தள்ளும்."

பட்டுவேட்டியை மடித்துக் கட்டி மணமகன் தள்ளினார். வண்டி கிளம்பியது. மணமகன் சேற்றில் விழுந்தார். முகூர்த்தத்தில் சேற்றுக் கையால்தான் தாலி கட்டினார் என்பதற்குக் கல்யாண ஆல்பம் இன்றும் சாட்சி. கட்டி முடித்த கையோடு, கழுத்தில் மாலை கிடக்க, மேடையில் நெல் நிறைத்து வைத்திருந்த பித்தளைப் பூண் போட்ட நாழியை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே வந்தார். பாயசம் குடித்துக்கொண்டிருந்த டிரைவரின் நெற்றியில் இறக்கினார். "தள்ளு" என்று ஒரு அடி. "தள்ளுலே" என்று இரண்டாவது. "இப்பம் தள்ளு பாப்போம்" என்று மூன்றாவது. ஊரே சுற்றி நின்று கேட்டது. குழந்தைக்குப் பேர் வைக்கும்போது காதில் மூன்றுமுறை சொல்வதில்லையா, அதே சடங்கு. தேனுக்குப் பதில் ரத்தம்.

டிரக்கரில் இருந்தவர்களில் இறங்கித் தள்ள மறுத்தவள் ஒருத்தி மட்டும்தான். மணமகனின் தங்கை சுபிதா. அவள்தான் தாவணி நுனியால் டிரைவரின் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். அவ்வளவுதான், காதலுக்கு அது போதாதா? சேதி தெரிந்ததும் கிருஷ்ணமணி நாயகரின் விலாவெலும்பில் இரண்டை உடைத்தார். எலும்பு ஒட்டியதும் கல்யாணம் நடந்தது. மனைவியின் சகோதரனை இந்தப் பக்கத்தில் அளியன் என்பார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் அளியன் ஆனார்கள். வேறு என்னதான் ஆக முடியும்?

சுபிதா புத்திசாலி. கல்யாணமான நாள்முதல் அந்த வீட்டில் ஒரு வினைச்சொல்லுக்குத் தடை விதித்தாள். அங்கே யாரும் கதவைத் தள்ளமாட்டார்கள், நீக்குவார்கள். தயிரில் மிதக்கும் எறும்பை ஒதுக்குவார்கள். மகள் ஆதிரா ஊஞ்சல் ஆடும்போதுகூட, "அம்மா, பின்னாலேர்ந்து நீக்கு" என்றுதான் கத்துவாள். தமிழில் ஒரு சொல் இல்லாமலேயே ஒரு குடும்பம் இருபத்தைந்து வருஷம் நடந்தது. இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

வெளியே அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. நாயகர் குவைத்துக்குப் போனார்.

அங்கே ஒரு பணக்கார வீட்டில் டிரைவர் வேலை. கொடுத்த வண்டி எட்டு சிலிண்டர். அதன் அருமையை அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் அடிவயிற்றில் ஒரு உறுமல் பிடிக்கும். கால் பெருவிரலால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் முதுகை இருக்கையோடு வைத்து ஒரு பெரிய கை தள்ளும். கண்ணாடியில் தெரிகிற உலகம் பின்னால் ஓடும். முதல்நாள் பாலைவனச் சாலையில் அதை ஓட்டியபோது நாயகர் வண்டியை ஓரங்கட்டி அழுததாகத் தெரிகிறது. பிறர் தள்ளிய வண்டியிலேயே வாழ்ந்தவரை அன்றைக்குத்தான் ஒரு வண்டி தள்ளியது. பெரிய எஞ்சின்களின் கவர்ச்சி என்ன என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எல்லாம் இந்த ஒரு தள்ளுதான்.

ஆனால் ராஜ்யங்கள் நிலைப்பதில்லை. முதலாளி அடுத்து வாங்கியது ஆறு சிலிண்டர். குறைந்த இரண்டுக்கு ஈடாக ஒரு டர்போ. அதற்கடுத்தது நாலு சிலிண்டரும் ஒரு பேட்டரியும். குதிரைசக்தி என்னவோ கூடிக்கொண்டேதான் போனது. ஒச்சை மட்டும் குறைந்தது. ஒச்சை என்றால் சத்தம்; நாயகரைப் பொறுத்தவரை அதுதான் வண்டி, மற்றதெல்லாம் தகரம். கடைசியாக வந்த வண்டியில் உறுமல் வந்தது. சந்தோஷப்பட்டு பானட்டைத் திறந்தார். உறுமல் பானட்டிலிருந்து வரவில்லை, கதவிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. குரைப்பை ரெக்கார்டு பண்ணி வைத்த நாய்! நாயகர் ஸ்பீக்கரைக் குத்தினார். ஸ்பீக்கர் உடைந்தது, கை உடைந்தது, வேலையும் உடைந்தது.

ஊருக்கு வந்த வாரத்திலேயே அவருடைய தகப்பனார் காலமானார். ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் நின்றது. தகப்பனார் படத்துக்குக் கீழே, "கண்ணீருடன் மகன் (தள்ளு) சுயம்புராஜ், குவைத்." நாயகர் அடக்கம் முடியும்வரை காத்திருந்தார். பண்பாடு தெரிந்தவர். மண் போட்ட கையோடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போய் அதன் உரிமையாளர் பிரைட்டனின் மூக்கில் ஒரு குத்து விட்டார். மூக்கு இடதுபக்கம் சாய்ந்தது.

"அண்ணே, நீங்க யாருன்னு ஆளு அறியாண்டாமா?" என்று ரத்தத்தைத் துடைத்தபடி கேட்டார் பிரைட்டன்.

"நான் செத்தா எனக்க ஃபிளெக்ஸ்ல அது வரப்பிடாது, கேட்டியா? வந்தா, எழும்பி வந்து அடிப்பேன்."

செத்த சுயம்பு என்ற முன்னுதாரணம் ஊரில் இருந்ததால் பிரைட்டன் இந்த மிரட்டலை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரை அழிக்க ஒரே வழி, அதைவிடப் பெரிய ஒச்சை. கொச்சியில் நொடித்துப்போன ஒரு சினிமாக்காரர் விற்ற அமெரிக்க வண்டி ஒன்றை நாயகர் வாங்கினார். எட்டு சிலிண்டர், நானூற்றைம்பது குதிரை, செம்பருத்திச் சிவப்பு. நாயகரின் ரப்பர்த் தோட்டத்தில், ஊர்ப்பேச்சில் விளையில், பாதி அதற்குப் போனது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தது. ஏற்றத்தில் அதையும் யோசித்துக் கொடுத்தது. ஒரு ஜோடி டயர் விலைக்கு ஒரு கறவைமாடு வரும்.

"இஞ்ச பாருங்க," என்றாள் சுபிதா. "நம்ம வெளையில நின்ன மரமெல்லாம் இப்பம் அந்தச் சவத்துக்க டயர்ல ஓடுது. மரமா நின்னப்பம் பாலாவது தந்துது."

"ஒச்சையக் கேளுட்டி. ஒச்சையக் கேட்டியா?"

"கேட்டேன். கோழி முட்டயிட்டு ரெண்டு நாளாச்சு."

ஒரு மாதம் ஊர் வாயடைத்துக் கிடந்தது. "எட்டு சுயம்பு" என்று யாரோ சொன்னதாகக்கூட நாயகர் காதில் விழுந்தது. இனிமேல் அதுதான் என்று அவர் மனசு குளிர்ந்தது. அப்போதுதான் கிருஷ்ணமணி டீக்கடையில் வாய் திறந்தார்.

"நானூத்தம்பது குதிரயாமே அளியா. செரி. சாணி ஆரு வாருவா?"

"நீரு வாரும். ஒமக்கு வேற என்ன பணி?"

"நான் வாருவேன் ஓய். ஆனா ஆயிரம் குதிர வச்சாலும் தள்ளுக்க வண்டி தள்ளுக்க வண்டிதான்."

நாயகர் கையிலிருந்த டீ கிருஷ்ணமணியின் முகத்தில் இருந்தது. கிருஷ்ணமணி கடைவாசலில் தொங்கிய மட்டி வாழைக்குலையைக் கழற்றி, அதன் தண்டால் நாயகரின் கழுத்தில் விளாசினார். பழங்கள் நாலாபக்கமும் சிதறின. சமாதானம் பண்ண வந்தவர்களில் இரண்டுபேர் பழத்தில் வழுக்கி விழுந்து, யார் காலை இடறியது என்று தங்களுக்குள் தனியாக ஒரு சண்டையைத் தொடங்கினார்கள். பாய்லர் கவிழ்ந்தது. கடைசியில் பிரித்தெடுத்தபோது கிருஷ்ணமணியின் காதுமடல் நாயகரின் பல்லுக்கிடையில் இருந்தது. முழுதாக இல்லை, தையல் போடுமளவுக்கு மட்டும்.

தையல் பிரித்த அன்றைக்குக் கிருஷ்ணமணி தன் வீட்டு முன்னால் சாலையில் கான்கிரீட்டில் ஒரு வேகத்தடை போட்டார். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்றார். அவர் பிள்ளைகள் பெங்களூரில் இருந்தார்கள். அமெரிக்க வண்டியின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. இறக்கத்தில் உறுமிக்கொண்டு வந்த நானூற்றைம்பது குதிரையும் வேகத்தடையின்மேல் ஏறி, முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாமல், சீசாப்பலகைபோல நடுவயிற்றில் நின்று ஆடியது. அடியில் எதுவோ கிழிகிற சத்தம் கேட்டது.

நாயகர் கம்பிப்பாரையோடு வந்தார், வேகத்தடையை உடைக்க. கிருஷ்ணமணி வெட்டோத்தியோடு வந்தார். தேங்காய் வெட்டவும் விறகு கீறவும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கொடுவாள் அது. பாரை வேகத்தடையில் பட்டுத் தெறித்து அளியனின் கால் பெருவிரலை நசுக்கியது. வெட்டோத்தி வீசிய வேகத்தில் நாயகரின் இடதுகைச் சுண்டுவிரல் நுனி காணாமல் போனது. இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒன்றாகக் குனிந்து தேடினார்கள். சுபிதா வீட்டுக் கோழி அதைக் கொத்திக்கொண்டு ஓடுவதைக் கிருஷ்ணமணிதான் முதலில் கண்டார். நொண்டிக்கொண்டே துரத்தவும் செய்தார். உறவு என்றால் அப்படித்தான். கோழி அகப்படவில்லை.

வண்டியைக் கிரேன் தூக்கி இறக்கியது, கிழிந்த அடியை ஒட்டவைத்தார்கள். வேகத்தடை அப்படியே இருந்தது.

பெருவிரல் கட்டோடு போய்க் கிருஷ்ணமணி ஒரு மின்சார வண்டி வாங்கினார். அதற்கும் நானூற்றுச் சொச்சம் குதிரை, அத்தனையும் ஊமை. வீட்டுச் சுவரில் போனைச் சொருகுவதுபோலச் சொருகி வைத்தார். அது ஜங்ஷனில் வந்து நிற்கும்போது, பக்கத்தில் நின்றவனுக்குத் தன் சட்டையில் காற்றுப் பட்டதாலேயே தெரியும்.

"இது வண்டியில்ல ஓய், மிக்ஸி," என்றார் நாயகர். "தேங்கா போட்டா சட்னி வரும்."

"மிக்ஸியோட ஒண்ணு ஓடிப் பாக்கியளா?"

நான்குவழிச் சாலைக்காக வருஷக்கணக்காய் மண்ணெடுத்துக்கொண்டிருந்ததில் ஒரு துண்டு மட்டும் தார்போட்டு முடிந்திருந்தது. எங்கிருந்தும் வராமல் எங்கும் போகாத அழகான சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே அங்கே கூடியது. பள்ளிக்கூட மைதானத்துப் பந்தயம்போல ஓரத்தில் ஐஸ்வண்டிகூட நின்றது. பந்தயம் தொடங்கத் தோள்துண்டை வீசும் பொறுப்பு பிரைட்டனுக்கு. இருவரிடமும் அடிவாங்க வாய்ப்புள்ளவர் நடுநிலையாக இருப்பார் என்று ஊர் முடிவு செய்தது.

அமெரிக்க வண்டி உறுமியது. காக்கைகள் பறந்தன, கைக்குழந்தைகள் அழுதன. எட்டு சிலிண்டரும் சேர்ந்து பெரிய அரசியல் கூட்டம் மாதிரி முழங்கின. துண்டு விழுந்தது. இங்கேதான் பொறியியல் கொடூரமாக நடந்துகொண்டது. பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுத்து, சுற்றேறி, கியர் மாற்றி, பிறகுதான் தன் முழு பலத்தைக் காட்டும். மின்மோட்டாருக்குத் தொட்ட நிமிஷமே முழு பலம். நாயகரின் முழக்கம் உச்சத்துக்கு வருவதற்குள் மிக்ஸி போய்ச்சேர்ந்து, திரும்பி, அவரைப் பார்த்து நின்றது. நாயகர் ஆத்திரத்தில் மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். சூடு தாங்காமல் எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் போனது. வெள்ளைப் புகைக்குள் வண்டி நின்றது.

அதன் பிறகு நடந்ததை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கும். நாற்பது பேர் கூடி அந்த வண்டியை வீடுவரைக்கும் கொண்டுவந்தார்கள். கூட்டம் சேர்ந்து பாரமிழுத்தால் வாய் சும்மா இருக்குமா? "தள்ளு! தள்ளு!" என்று முழக்கம். நாயகர் கதவைத் திறந்து குதித்து முதல் வரிசையில் நின்றவனின் பல்லில் குத்தினார், அடுத்தவனை வயிற்றில் உதைத்தார். கூட்டம் கைவிட்டு நகர்ந்தது. வண்டி பின்னால் உருண்டு தோட்டுக்குள், அதாவது ஓடைக்குள், சாயப்போனது. பல்லுடைந்தவனையே அவர் கூப்பிட்டு உதவி கேட்க வேண்டியதாயிற்று. "தள்ளணுமா அண்ணே?" என்று அவன் கேட்டான். பதிலை அவர் வாயால் சொல்லவில்லை, தலையாட்டினார். எட்டு சுயம்பு என்ற பேர் அந்த இடத்தில் செத்தது.

இரண்டுநாள் நாயகர் சாப்பிடவில்லை. மூன்றாம்நாள் சுபிதா அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, அவரு பானட்டுல தலய வச்சுட்டு நிக்காரு. அழுதா சகிக்கலாம், அழவும் இல்ல. ஆதிராக்கு ஆளு பாக்க வாற நேரமாக்கும்."

கிருஷ்ணமணியின் நெஞ்சு இளகியது. இந்த வரலாற்றில் இளகிய ஒரே நெஞ்சு அதுதான். அதனால் விளைந்த நாசமும் அதிகம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பணி என்றால் வேலை. ரிப்பேர் பார்க்க விட்ட வண்டியைப் 'பணிக்கு விட்டிருக்கு' என்பார்கள். அதே ஊரில் ஒருவனுக்குப் 'பணி கொடுத்தாச்சு' என்றால் அவன் கதையை முடித்தாச்சு என்று அர்த்தம். எது எப்போது என்பது சொல்பவரின் குணத்தைப் பொறுத்தது. கிருஷ்ணமணியின் குணம் ஊருக்கே தெரியும். அவர் கடையில் ஷீட்கட்டு தூக்கும் லிஜினுக்கும் ரதீஷுக்கும் இன்னும் நன்றாகத் தெரியும்.

"லேய் மக்கா," என்று மறுநாள் இருவரையும் அழைத்தார். "அளியனுக்க வண்டிக்கு நல்லா ஒரு பணி குடுக்கணும். செலவு எனக்கது."

"எஞ்சினு மட்டும் போருமா அண்ணே?" என்றான் லிஜின்.

"அடிமுதல் முடிவர. இதுவர ஆரும் குடுக்காத பணியா இருக்கணும்."

"எப்பம்?" என்றான் ரதீஷ்.

"இப்பமே. அவரு சந்தைக்குப் போயிருக்காரு. இருக்கும்பம் போனா சம்மதிக்க மாட்டாரு."

"அதெப்படி சம்மதிப்பாரு!" என்று லிஜின் வியந்தான். பிக்கப்பில் சம்மட்டி, கம்பிப்பாரை, கோடாலி எல்லாம் ஏறின. மெக்கானிக்கை அழைத்துப் போவார்கள் என்று கிருஷ்ணமணி நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வேலையில் நேர்மையானவர்கள். முதலில் முன்கண்ணாடி, பிறகு விளக்குகள். சம்மட்டி இறங்கியபோது செம்பருத்திச் சிவப்பு உள்வாங்கி, மடங்கி, கிழிந்து, வெள்ளித்தகரம் பல்லைக் காட்டியது. கோடாலி இருக்கைகளின் தோலை உரித்தது. ரதீஷ் பானட்டைப் பாரையால் நெம்பி எறிந்து, எஞ்சினின் மண்டையில் சம்மட்டியை மாறி மாறி இறக்கினான். அலுமினியம் பிளந்தது, கறுத்த எண்ணெய் பீறிட்டு அவன் நெஞ்சில் அடித்தது. எட்டு சிலிண்டரையும் எண்ணி எண்ணிச் செய்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த ஆதிரா அலறினாள்.

"பேடிக்காத மோளே," என்றான் லிஜின், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மாமன் பறஞ்சதாக்கும். பணி குடுக்கோம்."

முடித்ததும் ரதீஷ் முதலாளிக்குப் போன் பண்ணினான். "அண்ணே, முடிஞ்சு."

"எப்பிடிலே இருக்கு?"

"இனி இதுல ஒரு மெக்கானிக்குக்கும் செய்ய ஒண்ணும் இல்லண்ணே."

"கொள்ளாம்!" என்றார் கிருஷ்ணமணி, கண்கலங்கி. அப்போதே புதுச்சட்டை மாற்றிக்கொண்டு, அளியன் நன்றி சொல்ல வருவார் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அளியன் வந்தார். கையில் வெட்டோத்தி இருந்தது. கிருஷ்ணமணி கவனித்தது அவர் கண்ணிலிருந்த நீரை மட்டும்தான்.

"வாரும் அளியா, வாரும். பணி பிடிச்சா?"

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குமுன் யாரும் யாரையும் பார்த்து இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். வெட்டோத்தி கழுத்தைக் குறிவைத்து வந்தது. கிருஷ்ணமணி நாற்காலியோடு மல்லாக்க விழுந்ததால் கழுத்து தப்பி, தொடை அகப்பட்டது. ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. புதுச்சட்டை, வேட்டி, வாசற்படி எல்லாம் ஒரே நிமிஷத்தில் அமெரிக்க வண்டியின் நிறமாயின. எண்ணெய்க்கறையோடு வந்து சேர்ந்த லிஜினும் ரதீஷும் அதைப் பார்த்ததும், வந்த பிக்கப்பிலேயே குலசேகரம் வழியாகத் தெரியாத தேசம் போனார்கள். ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்கள் போலீஸ் கேஸ் வாசனை பிடித்ததும் ஒவ்வொன்றாக மறைந்தன. மிச்சம் இருந்தது மிக்ஸி. முந்தினநாள் காற்றில் ரப்பர் மரம் கம்பிமேல் விழுந்து ஊரில் கரண்டு இல்லை. நானூற்றுச் சொச்சம் குதிரையும் பட்டினி கிடந்தன. திரையில் விளக்கு எரிந்தது, சக்கரம் அசையவில்லை.

நாயகர் வெட்டோத்தியோடு அப்படியே நின்றார். அடுத்த வெட்டு போடலாமா என்று யோசித்ததாகவும், யோசிக்கவே இல்லை என்றும் இரண்டு பாடங்கள் உண்டு. சுபிதா ஓடிவந்தாள். அண்ணனின் வேட்டியைக் கிழித்து, தொடையின் மேல்பக்கம் முடிபோட்டு இறுக்கினாள். ஆதிராவோடு சேர்ந்து தூக்கி வண்டிக்குள் கிடத்தினாள். பிறகு எழுந்து, புருஷன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வெட்டோத்தி கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரி இறக்கத்தின் அடியில். அவள் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"தள்ளுங்க!"

இருபத்தைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். நாயகர் அவளைப் பார்த்தார். பிறகு போய் நின்று கைவைத்தார்.

மின்சார வண்டிக்கு அடியெல்லாம் பேட்டரி. அது இரண்டு டன் எடை. இறக்கம்தான், ஆனால் பத்தடிக்கு முன்னால் கிருஷ்ணமணியின் வேகத்தடை. முன்சக்கரம் அதில் போய் முட்டி நின்றது. நாயகர் தோளைக் கொடுத்தார். வண்டி பாதி ஏறியது, பின்னால் சரிந்தது. மறுபடி கொடுத்தார். சுண்டுவிரல் தழும்பு வெடித்துப் பின்கண்ணாடியில் ரத்தம் இழுவியது. உள்ளே ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக் கிடந்த கிருஷ்ணமணி முனகினார்.

"அளியா... நான் நெசமாட்டு பணிதான் ஓய் பறஞ்சேன். ரிப்பேர்..."

"நானும் பணிதான் தந்தேன். மிண்டாம கெடையும்."

"எனக்கு மயக்கமா வருது."

"இந்த மேட்ட ஆருவே போடச் சொன்னது? பிள்ளியளுக்காம், பிள்ளிய!"

"உடைக்க வந்தீருல்லா... ஒழுங்கா உடைச்சிருக்கப்பிடாதா?"

ஊர் இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது. வெட்டோத்தி கிடந்த வாசல்பக்கம் பார்த்துப் பார்த்து, கிட்டே வரப் பயந்து நின்றது. ஆனால் வாயைக் கட்ட முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு குரல், "தள்ளு!" என்றது. நாயகரின் முதுகு விறைத்தது. யாரென்று பார்க்கத் தலை திரும்பியது. அடிக்கக் கை வேண்டும். கையை எடுத்தால் இரண்டு டன்னும் அவர்மேல் வரும், உள்ளே கிடக்கும் தொடையில் ரத்தம் வடிந்து தீரும். நாயகர் வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டும் அடிக்காமல் நின்றார்.

"தள்ளு!" என்று இன்னொருவர். "தள்ளுங்கப்பா!" என்று ஆதிரா. பிறகு ஊரே. பந்தயத்தன்று கேட்ட அதே சொல், அதே வாய்கள். நாயகர் பல்லைக் கடித்து, ஒரு உறுமலோடு தோளை இடித்தார். எட்டு சிலிண்டரும் சேர்ந்து எழுப்பிய ஒச்சையைவிட அது பெரிதாக இருந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்கிறார்கள். வண்டி மேட்டைத் தாண்டிக் குதித்தது. நாயகர் முகங்குப்புற விழுந்தார், எழுந்து ஓடினார். இறக்கம் முழுதும் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் கொண்டுபோய் முட்ட வைத்தார்.

கிருஷ்ணமணி பிழைத்தார். கால் நீட்ட வராது. போலீஸ் கேட்டபோது, பால்வெட்டும்போது கத்தி வழுக்கிவிட்டது என்றார். வாழ்நாளில் ஒரு ரப்பர் மரத்தைக்கூடத் தொட்டு வெட்டாதவர். இன்ஸ்பெக்டர் தொடையின் நீளத்தையும் வெட்டின் நீளத்தையும் பார்த்து, "எவ்வளவு பெரிய மரம்?" என்று மட்டும் கேட்டார். லிஜினும் ரதீஷும் ஒரு மாதம் கழித்து வந்து கூலி கேட்டார்கள். கிருஷ்ணமணி ஊன்றுகோலால் கொடுத்தார். அவருக்கும் இப்போது ஒரு வட்டப்பேர் உண்டு: பணி கிருஷ்ணமணி.

அமெரிக்க வண்டி எடைக்குப் போனது. கால் வராத அளியனுக்கு மின்சார வண்டியை இப்போது நாயகர்தான் ஓட்டுகிறார். எட்டு ஆறாகி, ஆறு நாலாகி, நாலு பூஜ்யமானதை அவர் ஒருவாறு ஏற்றுக்கொண்டார். ஒச்சையை மட்டும் விடவில்லை. ஆக்ஸிலேட்டரில் கால்வைக்கும்போது வாயாலேயே உறுமுகிறார். பக்கத்து இருக்கையில் கிருஷ்ணமணி, "கியர் மாத்தும் ஓய்" என்பார். இவர் உறுமலை இறக்கி மறுபடி ஏற்றுவார்.

ஆதிராவின் கல்யாணம் நிச்சயமானது. ஃபிளெக்ஸ் அடித்துத் தயாராக இருந்தது. நாயகர் கடைக்கு வருவதைக் கண்டதும் பிரைட்டனின் கை தானாக மூக்கை மூடியது. இந்த முறை அவர் ஜாக்கிரதையாக இருந்தார். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளிகூட இல்லை. "மணமகளின் தந்தை திரு. சுயம்புராஜ் அவர்கள்" என்று தங்கநிற எழுத்தில் மின்னியது.

நாயகர் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார்.

"இதாரு?"

"நீங்கதாம் அண்ணே."

"எந்தச் சுயம்பு? ஒட்டுப்பாலா? பஞ்சாயத்தா? செத்தவனா?"

"அண்ணே, நீங்கதானே அண்ணைக்கு..."

"ரெண்டு டன்னு வண்டிய அந்த மேட்டுக்கு மேல ஏத்துனது இவனுவள்ல எவன்லே?"

பிரைட்டன் யோசித்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் குத்து விழுந்தது. நல்ல கனமான குத்து. நாற்காலியோடு போய் அச்சு இயந்திரத்தில் மோதினார். இந்த முறை மூக்கு வலதுபக்கம் பெயர்ந்தது. முந்தைய சாய்வும் இதுவும் கழிந்து, பிரைட்டனின் மூக்கு இப்போது நேராக இருக்கிறது. கல்யாணப் படங்களில் பார்க்கலாம். அவருக்குப் பின்னால் நிற்கிற புது ஃபிளெக்ஸில் அடைப்புக்குறி பெயரைவிட ஒரு சுற்றுப் பெரியது.